பெயரும் சுவையும்: கம்பானிய நாட்டு வெண்தேறல்கள்



சுவை என்னும் சொல் தமிழில் நாவுக்கும் உரியது, நூலுக்கும் உரியது. உணவைச் சுவைத்தான் என்கிறோம். பாடலைச் சுவைத்தான் என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் பொதுவான ஓர் ஆற்றல் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றை வேறுபடுத்தி அறிந்து, அறிந்த வேறுபாட்டுக்கு ஒரு பெயர் சூட்டும் ஆற்றலே அது. அவ்வாற்றல் ஓர் ஊரின் பயிரையே அழிவிலிருந்து காத்த வரலாறு இத்தாலியின் தென்பகுதியில் நிகழ்ந்திருக்கிறது. அதனை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

புறநானூற்றின் 56 ஆம் பாடலில் நக்கீரனார் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பொன்வள்ளத்தில் ஏந்திய மகளிர் நாள்தோறும் ஊட்ட, மன்னன் மகிழ்ந்து வாழவேண்டும் என்பது அவ்வாழ்த்தின் பொருள். தேறலின் குளிர்ச்சியைப் புலவர் சொல்கிறார், மணத்தைச் சொல்கிறார், கொண்டுவந்தவர் யார் என்றும் சொல்கிறார். அது எந்தக் கொடியில் விளைந்த பழத்தின் சாறு என்று மட்டும் சொல்லவில்லை. அதனைச் சொல்லும் கடப்பாடும் அவர்க்கு இல்லை.

புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945 ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். ஆம்போரா எனப்படும் இருகைச் சாடிகளின் உடைசல்கள் அங்குக் கிடைத்தன. கிரேக்கத்தின் கோஸ் தீவுச் சாடிகளோடு இத்தாலியின் கம்பானியா நாட்டுச் சாடிகளும் அரிக்கமேட்டுக்கு வந்தன என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. நேப்பிள்ஸ் நகரைச் சூழ்ந்த நாடு கம்பானியா. அங்கு வனையப்பட்ட சாடிகளின் களிமண்ணில், வெசூவியஸ் எரிமலைப் பகுதிக்குரிய கரிய மணற்பரல்கள் கண்ணுக்குத் தெரியும்படி கலந்திருக்கும். ஆகவே தான் எந்த மண் என்பதைச் சாடியே சொல்லிவிடுகிறது. உள்ளே இருந்த திராட்சையின் பெயரைச் சொல்ல மட்டும் எவரும் இல்லை.

அந்த நாட்டிலேயே இதற்கு நிகரான ஒரு காட்சி உண்டு. கி.பி. 79 இல் வெசூவியஸ் வெடித்தபோது பாம்பெய் நகரம் சாம்பலுக்குள் புதைந்தது. அந்நகரின் வட்டரங்கை அடுத்த நிலத்தில், வில்லெல்மினா யாஷெம்ஸ்கி என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1966 முதல் அகழ்ந்தார். மட்கிப்போன வேர்கள் விட்டுச்சென்ற வெற்றிடங்களில் குழம்பை வார்த்து, அவ்வேர்களின் வடிவை மீட்டார். அங்கிருந்தது ஒரு திராட்சைத் தோட்டம் என்பது அவ்வாறு தெளிவாயிற்று. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கொடிகள் வரிசை தவறாமல் அங்கு நின்றிருந்தன. வேரின் வடிவம் கிடைத்தது. கொடியின் இனம் கிடைக்கவில்லை. பெயர் அழிந்தால் மிஞ்சுவது வெற்றிடமே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் மொழியில் தேறலைப் பேசுதல் தகுமோ என்று வினவுவார் இருக்கலாம். தேர்ந்து சுவைப்போர் வாயிலிட்ட தேறலை விழுங்குவதில்லை. அருகிலுள்ள கலத்தில் உமிழ்ந்துவிடுவர். மயக்கம் வந்தால் வேறுபாடு தெரியாது. அறிவு தெளிந்திருத்தலே அத்தொழிலின் முதல் விதி. எனவே ஈண்டுப் பேசப்படுவது குடிப்பழக்கம் அன்று, பகுத்தறியும் பயிற்சியே.

திராட்சைத் தேறலை இன்று வைன் என வழங்குகின்றனர். வெள்ளை வைன் என்றவுடன் உலகச் சந்தையில் முதலில் ஒலிக்கும் பெயர்கள் சார்டனே, சோவிஞோன் பிளாங்க் என்னும் இரண்டே. ஆனால் 2012 இல் ஜான்சிஸ் ராபின்சனும் அவருடைய இரு துணையாசிரியர்களும் வெளியிட்ட பெருநூல், வணிக முறையில் வைன் தரும் திராட்சை இனங்கள் 1,368 எனக் கணக்கிட்டது. புகழ்பெற்ற சிலவற்றின் நிழலில் எத்தனை இனங்கள் பெயர் அறியப்படாமல் நிற்கின்றன என்பதற்கு அவ்வெண்ணே சான்று. கம்பானியாவின் ஃபலங்கினா, கிரேக்கோ, ஃபியானோ, கோடா தி வோல்பே என்னும் நான்கு வெள்ளை இனங்களும் நெடுங்காலம் அந்நிழலில் நின்றவையே.

இந்நான்கையும் ஒப்பிட்டுச் சுவைக்க விரும்புவோர் சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்கவேண்டும். ஒரே ஆண்டு விளைச்சலைத் தேர்ந்துகொள்ளவேண்டும். ஒரே வகைக் கண்ணாடிக் கிண்ணம் வேண்டும். இதற்கெனவே 1977 இல் அனைத்துலகத் தர அமைப்பு, வாய் குறுகி வயிறு அகன்ற, ஏறத்தாழ 215 மில்லி லிட்டர் கொள்ளும் கிண்ணத்தை வரையறுத்தது. அதில் கால் பங்குக்கும் குறைவாக ஊற்றினால் எஞ்சிய இடத்தில் மணம் தங்கும். 10 முதல் 12 பாகை செல்சியஸ் வெப்பநிலை பொருத்தமானது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே ஊற்றினால் நான்கும் ஒன்றுபோலத் தோன்றும். கடுங்குளிர் மணத்தை அடக்கிவிடும். புட்டியின் பெயர்ச்சீட்டைத் துணியால் மறைத்துவிடுதல் நன்று. பெயர் கண்ணுக்குத் தெரிந்தால் நாக்கு அப்பெயரையே சுவைக்கும். மெலிந்ததை முதலிலும் செறிந்ததை இறுதியிலும் வைப்பது முறை.

அம்முறைப்படி முதலில் வருவது ஃபலங்கினா. கொடியைத் தாங்கும் முளைக்கம்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது என்பர். நேப்பிள்ஸுக்கு மேற்கே கடலையொட்டிய காம்பி ஃப்ளெக்ரெய் என்னும் எரிமலை நிலத்தில் இது விளைகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபில்லாக்சரா என்னும் வேர்ப்பூச்சி எரிமலை மணலில் வாழ இயலாது. ஆகையால் அங்கு அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கும் கொடிகள் இன்றும் உள. இத்தேறல் மெலிது, எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும் நினைவுக்கு வரும், இறுதியில் மெல்லிய உவர்ப்பு நிற்கும்.

அடுத்தது கோடா தி வோல்பே. நரிவால் என்பது அப்பெயரின் பொருள். நீண்டு வளைந்த குலையின் வடிவம் கண்டு உழவர் இட்ட பெயர் அது. இத்தேறலில் புளிப்பு குறைவு. தனியே சுவைத்தால், துடிப்பில்லாதது என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் புளிப்பு மிகுந்த கிரேக்கோவோடு சிறிது சேரும்போது அதன் கூர்மையைத் தணித்து நிற்கும். கிரேக்கோ தி தூஃபோ என்னும் தேறலில் 15 விழுக்காடு வரை இதனைச் சேர்க்க விதி இடம் தருகிறது.

மூன்றாவது கிரேக்கோ. அவெல்லினோ மாவட்டத்தின் தூஃபோ என்னும் மலையூர் இதற்குப் பேர்போனது. கிண்ணத்தில் ஊற்றியவுடன் இதன் நிறம் வியப்பூட்டும். மற்ற வெண்தேறல்கள் வெளிறியிருக்க, இது பொன்னிறம் காட்டும். பிற இனங்களையே பழகிய நடுவர், பழுதடைந்தது என இதனை ஒதுக்கக்கூடும். உண்மையில் அது அவ்வினத்தின் இயல்பு. வாயில் எண்ணெய்போன்ற செறிவும், அதனை அறுத்துச் செல்லும் புளிப்பும், முடிவில் வாதுமைப் பருப்பின் சிறு கசப்பும் உண்டு. தீக்குச்சி உரசிய மணமும் சிலவேளை எழும். தூஃபோவில் முன்னர்க் கந்தகச் சுரங்கம் இருந்தது. அக்கந்தகமே வேர்வழி ஏறி மணக்கிறது என ஊரார் கூறுவதுண்டு. கேட்க இனிதாயினும் அறிவியல் அதனை ஏற்பதில்லை. நொதிக்கும்போது உண்டாகும் கந்தகச் சேர்மங்களே அத்தகைய மணத்துக்குக் காரணம். ஆசிரியரின் ஊரைக் கொண்டு நூலை அளப்பது எத்தகைய பிழையோ அத்தகைய பிழை இது.

இறுதியில் வருவது ஃபியானோ. தேனீக்கள் விரும்பும் பழம் என்று பழைய உரோமர் சுட்டிய இனமே இது என்பார் உண்டு. லாப்பியோ என்னும் ஊர்ப்பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. சிறிய பழம், தடித்த தோல், குறைந்த சாறு. உழவனுக்கு வருவாய் தரும் பயிர் அன்று. இளமையில் இதன் மணம் அடங்கியிருக்கும். பேரிக்காயும் மலரும் மெல்ல எழும். ஆண்டுகள் செல்லச் செல்லத் தேனும், வறுத்த ஹேசல் கொட்டையும், சிறு புகையும் தோன்றும். அவெல்லினோ மாவட்டம் ஹேசல் கொட்டைக்கும் பெயர்பெற்றது. அம்மரத்தின் அறிவியற் பெயரே அங்குள்ள அவெல்லா என்னும் ஊரால் அமைந்தது. எனினும் தோப்பின் கொட்டை தேறலுக்குள் இறங்கிவிடவில்லை. பழக்கப்பட்ட மூக்கு, புதிய மணத்துக்குத் தன் ஊர்ச்சொல்லைக் கடன் தருகிறது, அவ்வளவே.

ஒப்பீட்டின் பயன் இங்குத்தான் விளங்குகிறது. நான்கையும் சார்டனேயோடு ஒப்பிட்டால் ஃபலங்கினா மெலிந்தது, கோடா தி வோல்பே தளர்ந்தது, கிரேக்கோ நிறம் மிகுந்தது, ஃபியானோ பேசாதது என்று நான்கு குறைகளே கிடைக்கும். தம்முள் ஒப்பிட்டாலோ ஒன்றின் மென்மையும் ஒன்றின் தணிவும் ஒன்றின் செறிவும் ஒன்றின் பொறுமையும் என நான்கு குணங்கள் கிடைக்கும். அளவுகோல் மாறினால் குறை குணமாகிறது. புறப்பாடலை அகப்பாடலின் இலக்கணத்தால் அளப்பார் எவரும் இலர். ஒரு திராட்சைக்கு மட்டும் அந்நீதி மறுக்கப்படுவானேன்?

அந்நீதி மறுக்கப்பட்டதன் விளைவு கொடியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்க் கம்பானியாவின் மலையூர்கள் வறுமையில் வாடின. மக்கள் பிற நாடுகளுக்குப் புறப்பட்டனர். எஞ்சியோர் மிகுதியாகக் காய்க்கும் வேற்றினங்களை நட்டனர். குறைந்த சாறு தரும் ஃபியானோவை வைத்திருக்க யாருக்குக் கட்டும்? அந்நிலையில் அத்ரிபால்தா ஊரைச் சேர்ந்த அந்தோனியோ மாஸ்த்ரோபெரார்தினோ தம் குடும்பத்தின் தேறல் தொழிலை ஏற்றார். ஊர்க் கொடிகளையே நடுவது என்று உறுதி பூண்டார். ஃபியானோவையும் கிரேக்கோவையும் தனித்தனியே வடித்து, அதனதன் பெயராலேயே விற்கத் துணிந்தார். கிரேக்கோ தி தூஃபோவுக்கு 1970 இலும் ஃபியானோ தி அவெல்லினோவுக்கு 1978 இலும் அரசின் பெயர்க் காப்பு கிடைத்தது. 1979 இல் சாந்த் அகாதா தே கோத்தி என்னும் ஊரில் முஸ்தில்லி குடும்பத்தார் ஃபலங்கினாவைத் தனிப்பெயரால் புட்டியில் அடைத்தனர். அடுத்த ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கம் அப்பகுதியின் ஊர்களைத் தகர்த்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொடிகளும் அவற்றைப் பேணுவோரும் அதனையும் கடந்து நின்றனர். 2003 இல் ஃபியானோவும் கிரேக்கோவும் இத்தாலியின் மிக உயர்ந்த தரநிலைக்கு ஏறின. மாஸ்த்ரோபெரார்தினோ 2014 இல் மறைந்தார். போர்க்காலத்துக்குப் பின் கைவிடப்படும் நிலையிலிருந்த கொடிகள், அவர் மறைந்தபோது உலகறிந்த கொடிகளாய் இருந்தன.

அவர் செய்தது நடவு மட்டுமன்று. பெயரைத் தனியே பிரித்து நிறுத்தியதுமாகும். எல்லாச் சாற்றையும் ஒரே பீப்பாயில் கலந்து ஊர் வெள்ளை என்று விற்ற காலத்தில், எந்தக் கொடி அழிந்தது என்பதை அறியவும் வழியில்லை. தனித்துச் சுவைத்தபோதுதான் இழக்கக்கூடாதது இது என்பது தெரிந்தது.

பெயரும் பிழைபடலாம் என்பதைப் பின்வந்த மரபணு ஆய்வுகள் காட்டின. பெனெவெந்தோவின் ஃபலங்கினாவும் கடற்கரை ஃபலங்கினாவும் ஒரே பெயர் பூண்ட இரு வேறு இனங்கள். கிரேக்கோவோ, அவெர்சா ஊர்ப்புறத்தில் உயர்ந்த பாப்ளர் மரங்களில் படரவிட்டு ஏணி வைத்துப் பறிக்கப்படும் அஸ்ப்ரீனியோவும் தானும் ஒன்றே. ஒரு பெயரில் இரு பொருள். ஒரு பொருளுக்கு இரு பெயர். தமிழ் நிகண்டு பயின்றோர்க்கு இது புதிதன்று.     

இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவில் இதனை நினைப்பது பொருத்தமுடையது. பத்தாண்டு சென்ற ஃபியானோவை இளைய ஃபியானோவின் அருகில் வைத்துச் சுவைப்போர், இரண்டும் ஒரே கொடியின் பிள்ளைகள் என்று நம்பத் தயங்குவர். முதலாண்டில் பேசாதது என்று தள்ளியிருந்தால் அந்தத் தேன்மணம் எவர்க்கும் கிட்டியிராது. சிற்றூர்ப் பத்திரிகையில் ஒருமுறை அச்சாகி மறைந்த கவிதைகளும், பெயர் அறியப்படாத எழுத்தாளர்களும் எந்நாட்டிலும் உளர். அவர்களைப் பேரெழுத்தாளரோடு ஒப்பிட்டுக் குறை காணல் எளிது. ஒருவரோடொருவர் ஒப்பிட்டு, ஒவ்வொருவரின் குணத்துக்கும் உரிய சொல்லைத் தேடல் அரிது. அவ்வரிய பணியைச் செய்வோர் இருக்கும்வரை, அடுத்த தலைமுறை கண்டெடுக்கும் சாடி பெயரின்றி வெறுமையாய்க் கிடக்காது.