சூரியத் தகடு ஏன் நீலமாக இருக்கிறது?

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



சூரிய மின்கலம் பற்றிப் பாடம் நடத்தும்போது, 'ஒளி ஆற்றல் மின்னாற்றலாக மாறுகிறது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். 'சிலிக்கான் சாம்பல் நிறம்தானே, தகடு மட்டும் ஏன் நீலமாக இருக்கிறது?' என்று ஒரு மாணவி கேட்டால், அந்த ஒரு வரி போதாது.

பளபளப்பான சிலிக்கான், தன்மீது விழும் ஒளியில் 30 விழுக்காட்டுக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். திரும்பிப்போன ஒளி மின்சாரம் ஆகாது. எனவே சிலிக்கான் நைட்ரைடு என்னும் மெல்லிய படலத்தை அதன்மீது படியவைக்கிறார்கள். தடிமன் சுமார் 75 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் எதிரொளிக்கும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இந்த அழிவு மஞ்சள், சிவப்பு ஒளியில் மிகுதி; நீலத்தில் குறைவு. எஞ்சிய அந்த நீலம்தான் நம் கண்ணில் படுகிறது. சோப்புக் குமிழியின் வண்ணங்களுக்கும் இதே குறுக்கீட்டு விளைவுதான் காரணம்.

படலம் மெலிந்தால் நிறம் ஊதாவை நோக்கிப் போகும். தடித்தால் வெளிர் நீலமாகும். ஆகவே, படலம் சீராகப் படிந்திருக்கிறதா என்பதை நிறமே காட்டிக்கொடுக்கும்.

நிறம் காட்டாத குறையும் உண்டு. சிலேன், அம்மோனியா வாயுக்களைப் பிளாஸ்மாவாக்கிப் படலம் படியவைக்கும்போது, அவற்றிலுள்ள ஹைட்ரஜன் சிலிக்கான் பரப்பில் அறுந்து நிற்கும் பிணைப்புகளை அடைக்கிறது. வெப்பநிலையோ வாயுக்களின் விகிதமோ பிசகினால் அடைப்பு முழுமை பெறாது. ஒளி உள்ளே போனாலும், அது விடுவித்த எலக்ட்ரான்கள் வெளிச்சுற்றை அடையாமலே வீணாகும்.

காஞ்சிபுரம் மாவட்டம் பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனத்தின் தொழிற்சாலை 2024இல் திறக்கப்பட்டது. அங்கே கண்ணாடிமீது காட்மியம் டெலுரைடைப் படியவைக்கிறார்கள். இவ்வகையில் ஒளியை உறிஞ்சுவதே சில மைக்ரோமீட்டர் படலம்தான். தோசையில் விழும் ஓட்டைபோல அதில் நுண்துளை விழுந்தால், முன்பக்க மின்வாயும் பின்பக்க மின்வாயும் நேராகத் தொட்டு மின்னோட்டம் கசியும். ஒரு தூசி போதும், அந்தத் துளை விழ.

ஒரு கலம் கெட்டால் என்ன என்று மாணவர்கள் கேட்கலாம். தகட்டில் கலங்கள் தொடரிணைப்பில் உள்ளன. தொடர்ச் சுற்றில் எங்கும் ஒரே மின்னோட்டம்தான். எனவே நலிந்த ஒரு கலம், நல்ல கலங்களையும் தன் அளவுக்கு இழுத்துவிடும்.

தொடக்க வகுப்பில் சோப்புக் குமிழி ஊதச் சொல்லி, நிறம் மாறுவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். உயர்நிலையில் தொடர்ச் சுற்றோடும், மேல்நிலையில் குறுக்கீட்டு விளைவோடும் சூரியத் தகட்டை இணையுங்கள். நம் பிள்ளைகளில் சிலர் நாளை இத்தகைய ஆலைகளில் வேலைக்குப் போவார்கள். பொத்தானை அழுத்துபவராக மட்டும் நின்றுவிடாமல், நிறம் மாறியதைப் பார்த்ததும் காரணம் கேட்பவராக அவர்கள் இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை வகுப்பறையில்தான் தொடங்க முடியும்.