வைரத்துக்குள் ஒளி

பெங்களூரு சதாசிவ நகரில் சர் சி.வி. ராமன் 1948-இல் நிறுவிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வைரத்தின் மேல் அவருக்குத் தீராத ஈடுபாடு. வைரங்களைத் தேடித்தேடிச் சேர்த்து ஆராய்ந்தார்.

அந்த வைரம் ஜொலிப்பது ஏன்? காற்றில் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, கண்ணாடிக்குள் 2 லட்சமாகவும் வைரத்துக்குள் ஒன்றேகால் லட்சமாகவும் வேகம் குறைகிறது. சாய்வாக நுழையும் ஒளி வளைவதும் இதனால்தான். வைரத்துக்குள் புகுந்த ஒளி லேசில் வெளியே வராது. உட்பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 24 டிகிரிக்குமேல் சாய்ந்து பட்டால், உள்ளேயே திரும்பிவிடும். பட்டைதீட்டுபவர் அந்தக் கோணத்தைக் கணக்கிட்டுத்தான் ஜொலிப்பை வரவழைக்கிறார்.

ஒளியின் வேகம் மாறாவிட்டால் என்ன ஆகும்? வீட்டில் கண்ணாடிச் சோதனைக்குழாய் இருந்தால் சமையல் எண்ணெயில் முக்கிப் பாருங்கள். உள்ளேயும் எண்ணெய் நிறைந்ததும் குழாய் கண்ணுக்கே தெரியாது. கண்ணாடி, எண்ணெய் இரண்டிலும் ஒளியின் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். வைரமோ எண்ணெயிலும் பளிச்சென்று தெரியும்.