தெருவை விற்று நிழல் வாங்கிய நகரம்

(கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் உரைவடிவம்)



கண்ணை விற்று ஓவியம் வாங்கினானாம் ஒருவன். இது பழமொழி. தனி மாந்தன் ஒருவன் அவ்வாறு செய்தால், அறிவிலி என்று ஊரார் நகைத்துவிட்டுப் போவர். ஆனால், ஒரு பெருநகரமே, கற்றுத் துறைபோகிய பொறியாளரையும் பெரும்பொருள் படைத்த முதலாளிமாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாற்பது ஆண்டுக்காலம் திட்டம் தீட்டித் தீட்டி அதே செயலைச் செய்தால் அதனை என்னென்று சொல்வது? அமெரிக்க நாட்டில் அப்படி ஒரு நகரம் உண்டு. அதன் பெயர் தெத்திராயிட்டு. மகிழுந்துகள் வந்து நிற்பதற்கு இடம் வேண்டும் என்பதற்காக, அம் மகிழுந்துகளில் வருவோர் எவற்றை நாடி வந்தனரோ அவற்றையே இடித்துத் தரைமட்டமாக்கிய நகரம் அது. அதன் வரலாறு வெறுங்கதையன்று. ஊர் என்பது யாருக்கு, தெரு என்பது யாருடையது என்னும் வினாக்களுக்கு விடை காட்டும் படிப்பினை.

தெத்திராயிட்டு நேற்று முளைத்த ஊரன்று. 1701ஆம் ஆண்டில் பிரஞ்சுக்காரர் ஆற்றங்கரையில் அமைத்த குடியிருப்பு அது. 1805இல் நேர்ந்த பெருந்தீயில் ஊர் முழுவதும் எரிந்து சாம்பலாயிற்று. அச் சாம்பலின் மேல், உருளையின் ஆரக்கால்களைப் போல அகன்ற தெருக்கள் விரிந்து செல்லும்படி புதிய நகரத்தைத் திட்டமிட்டனர். அவற்றுள் தலையாயது உட்வர்டு பெருந்தெரு. 1913இல் என்றி போர்டு, நகரை ஒட்டிய ஐலண்டு பார்க்குத் தொழிலகத்தில் ஓடும் பட்டையின் மேல் மகிழுந்துகளைப் பூட்டி முடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். மறு ஆண்டே நாளொன்றுக்கு 5 தாலர் கூலி என அறிவித்தார். நாட்டின் நாற்றிசையினின்றும் உழைப்பாளிகள் வந்து குவிந்தனர். 1950இல் அந் நகரத்தின் மக்கள்தொகை 18,49,568. எழுபதாண்டு கழித்து 2020இல் எடுத்த கணக்கில் அது 6,39,111. மூன்று பேர் வாழ்ந்த இடத்தில் இன்று ஒருவர் வாழ்கின்றார் என்று கொள்க.

இவ் வீழ்ச்சிக்குக் கரணியம் ஒன்றன்று. தொழிலகங்கள் வெளியேறின; நிறவெறி ஊரை இரண்டாகப் பிளந்தது; வெள்ளையர் புறநகர்களுக்குப் பெயர்ந்தனர்; 2013இல் நகராட்சியே கடனிறுக்க வழியின்றி நொடித்துப் போயிற்று. இவை யாவும் மெய். ஆயினும் இவற்றோடு கைகோத்து வேறொரு கேடும் நடந்தது. பகைவர் எவரும் வந்து செய்யாத கேடு அது. நகரம் தன் கையாலேயே தன் தெருவைக் கொன்ற கேடு.

ஒரேயோர் இடத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள். 1896ஆம் ஆண்டில் என்றி போர்டு தம் முதல் உந்தை உருவாக்கியது பாக்லி தெருவில் தம் குடியிருப்பின் பின்னிருந்த ஒரு சிறு கொட்டிலில். அவ்விடத்திலேயே 1926இல், ஏறத்தாழ 4,000 பேர் அமரத்தக்க மிச்சிகன் அரங்கு எழுந்தது. பொன்வண்ணப் பூவேலைகளும் வானளாவிய மேற்கட்டும் உடைய அரண்மனை போன்ற அரங்கு! பிறகு கூட்டம் குறைந்தது, அரங்கு மூடப்பட்டது. அதனோடு ஒட்டிய அலுவலகக் கட்டடத்தில் இருந்தவர்களோ வண்டி நிறுத்த இடம் கேட்டனர். அரங்கை முற்றும் இடித்தால் பக்கத்துக் கட்டடமும் ஆட்டங்காணும் என்பது தெரியவந்தது. ஆகவே 1977இல் உள்ளே இருந்தவற்றைக் குடைந்தெடுத்துவிட்டு, மூன்றடுக்கு வண்டி நிறுத்தகமாக அதனை மாற்றினர். இன்றும் அங்குச் செல்வோர், உடைந்த பூவேலை மேற்கட்டின்கீழ் மகிழுந்துகள் வரிசையாய் நிற்கக் காணலாம். மகிழுந்து பிறந்த இடத்திலே கலை குடியேறிற்று. கலையை வெளியேற்றிவிட்டு மகிழுந்தே மீண்டும் வந்து படுத்துக்கொண்டது. ஒரு நகரத்தின் முழு வரலாறும் அந்த ஒரு கூரையின்கீழ் அடங்கிக் கிடக்கின்றது.

முன்பு அந் நகரத்துத் தெரு எவ்வாறு இருந்தது? உட்வர்டு பெருந்தெருவில் தண்டவாளத்தின்மேல் மின்வண்டிகள் ஓடின. தொழிலாளியும் எழுத்தரும் பள்ளிச் சிறுவரும் அவற்றில் ஏறி இறங்கினர். இறங்கியவர் நடந்தனர், நடந்தவர் கடை பார்த்தனர், கடை பார்த்தவர் நின்று பேசினர். அத்தெருவில் இருந்த அட்சன் பல்பொருளங்காடி உலகின் மிகப்பெரிய அங்காடிகளுள் ஒன்று. 1956ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் கடைசி மின்வண்டி ஓடி நின்றது. ஓட்டம் நின்ற வண்டிகளை மெக்சிகோ நகரம் விலைக்கு வாங்கிக்கொண்டது. தெத்திராயிட்டுக்கு வேண்டாத வண்டிகள் மெக்சிகோவில் மேலும் பல ஆண்டுகள் மக்களைச் சுமந்தன.

அக்காலக் கடைக்காரர்களின் கூற்றையும் முறையாகக் கேட்டல் வேண்டும். "வாங்குவோர் இப்பொழுது மகிழுந்தில் வருகின்றனர், நிறுத்த இடம் இல்லையேல் வேறிடம் போய்விடுவர், கடை மூடிப்போகும்" என்று அவர்கள் அஞ்சினர். அவ் வச்சம் பொய்யன்று. ஏனெனில், 1954இல் புறநகர்ப் பகுதியில் நார்த்துலாந்து என்னும் மாபெரும் கடைவளாகம் திறக்கப்பட்டது. சுற்றிலும் ஆயிரக்கணக்கான வண்டிகள் நிற்கத்தக்க திடல். அதனைக் கட்டியவர் யார்? நகரின் நடுவே அங்காடி வைத்திருந்த அதே அட்சன் நிறுவனத்தாரே! வரைந்து கொடுத்தவர் விக்டர் குரூயன் என்னும் ஆத்திரியக் கட்டடக் கலைஞர். மக்கள் கூடிப் பழகும் ஊர்மன்றம் போல அது வளரும் என்று அவர் கனவு கண்டார். வண்டிக்கடலின் நடுவே கடைத்தீவாக அது நின்றதைக் கண்டபின், அவ்வகை வளாகங்களுக்குத் தாம் பொறுப்பல்லர் என்று பிற்காலத்தில் கைகழுவினார்.

அச்சம் மெய்யே, ஆனால் அதற்குக் கண்ட மருந்துதான் நஞ்சாயிற்று. கணக்கைப் பாருங்கள். ஒரு மகிழுந்து நிற்கவும், உள்ளே வந்து திரும்பி வெளியேறவும் ஏறத்தாழ 300 சதுர அடி நிலம் வேண்டும். நூறு வண்டி நிற்க 30,000 சதுர அடி. அத்துணை நிலத்தில் எத்தனை கடைகள், எத்தனை வீடுகள், எத்தனை உணவகங்கள் இருந்திருக்கும்! அவற்றை இடித்தால் நூறு வண்டிக்கு இடம் கிடைக்கும். ஆனால் அந்நூறு பேரும் வருவதற்குரிய கரணியங்கள் குறையும். வருவோர் குறைந்தால் அடுத்த கடை மூடும். மூடிய கடையை இடித்தால் மேலும் ஒரு திடல். புறநகர்க் கடைவளாகத்தோடு வெறுந்திடற் போட்டியில் நகரம் ஒருநாளும் வெல்ல முடியாது. ஏனெனில் புறநகரில் நிலம் மலிவு. நகரத்திடம் இருந்த ஒரே வலிமை, புறநகரிடம் இல்லாத ஒன்று: நெருங்கி நின்ற கட்டடங்களுக்கிடையே மக்கள் நடமாடிய தெரு. அவ் வலிமையைத்தான் நகரம் தானே அழித்தது.

வரிமுறையும் இவ் வழிவுக்குத் துணைநின்றது. நகரின் நடுவே கட்டடம் ஒன்று நின்றால், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு வரி மிகுதி. இடித்துச் சமன்செய்து வண்டி நிறுத்திடம் ஆக்கினால் வரி குறையும். நிறுத்துவோரிடம் கட்டணமும் வரும். நிலத்தின் விலை ஏறும்வரை காத்துக் கிடக்கலாம். கட்டியவன் ஒறுக்கப்படுகின்றான், இடித்தவன் பரிசு பெறுகின்றான்! 2023இல் அந்நகரத் தலைவர் மைக்கு தக்கன், கட்டடத்தின் மீதான வரியைக் குறைத்து வெறுநிலத்தின் மீதான வரியை உயர்த்த ஒரு திட்டம் முன்வைத்தார். அதற்கு மாநிலச் சட்டமன்றம் இசைவளிக்க வேண்டியிருந்தது. இசைவு கிடைக்கவில்லை.

இனி, இக் கேட்டின் கொடிய பகுதியைக் கேளுங்கள். நகர நடுவணுக்குக் கிழக்கே ஏசுடிங்சு தெரு என்று ஒன்று இருந்தது. கறுப்பின மக்கள் தாமே உரிமை கொண்டு நடத்திய நூற்றுக்கணக்கான கடைகளும் உணவகங்களும் மருத்துவமனைகளும் இசைக்கூடங்களும் நிறைந்த தெரு. பகலில் நாளங்காடி, இரவில் அல்லங்காடி. வேறிடங்களில் குடியிருக்க இடம் மறுக்கப்பட்ட மக்கள், கிடைத்த இடத்தில் தமக்கென ஓர் உலகத்தைப் படைத்துக்கொண்டனர். புகழ்பெற்ற பாடகி அரீதா பிராங்குளினின் தந்தையார் நடத்திய கிறித்துவக் கோயிலும் அத்தெருவிலேயே இருந்தது. அப்பகுதியைச் சேரி என்று பெயரிட்டு, 1950ஆம் ஆண்டையொட்டி இடிக்கத் தொடங்கினர். இடித்த நிலம் பல ஆண்டுகள் களைமண்டிக் கிடந்தது. தெரு இருந்த தடத்தைத் தோண்டி ஆழ்ந்த பள்ளமாக்கி, அதில் கிறைசுலர் விரைசாலையை அமைத்தனர். அதன் நடுவண்பகுதி 1964இல் திறக்கப்பட்டது. புறநகரிலிருந்து வருவோர் சில நொடிகள் முன்னதாக நகரை அடைதற்பொருட்டு, அங்கேயே வாழ்ந்தோர் ஊரை இழந்தனர். வாடகைக்கு இருந்தவர்க்கு ஈட்டுத்தொகை பெரும்பாலும் கிட்டவில்லை. முடிவு செய்தவர்கள் ஒருசாரார். விலை கொடுத்தவர்கள் வேறுசாரார்.

தவறு புரிந்தபின்னும் திருத்தம் வரவில்லை. 1977இல் மறுமலர்ச்சி நடுவம் என்னும் பெயரில் ஆற்றங்கரையில் கோபுரக் கூட்டம் ஒன்றை எழுப்பினர். நடுக்கோபுரம் 73 மாடி. ஆனால் தெருப்பக்கம் மதில்போன்ற மேடுகளைக் கட்டி ஊருக்கு முதுகைக் காட்டினர். வண்டியில் வந்து, வண்டியை நிறுத்தி, உள்ளேயே உண்டு, வண்டியிலேயே வெளியேறலாம். தெருவில் ஓரடி வைக்க வேண்டுவதில்லை. தெரு வெறுமையாகாமல் என்ன ஆகும்? 1983இல் அட்சன் அங்காடி மூடப்பட்டது. 1998 அக்தோபரில் வெடிவைத்து அதனைத் தகர்த்தனர். அவ்விடத்தில் நிலத்தடியில் வண்டி நிறுத்தகம் அமைந்தது. மேலே ஏறத்தாழ இருபது ஆண்டு வெறுந்தரை.

அன்பர்களே! இருள் மட்டுமே இவ் வரலாறு அன்று. 2004இல் நகரின் நடுச்சந்தியில் வண்டிப்போக்கை ஒதுக்கி, மார்சியசு திடலை மக்கள் அமரும் பூங்காவாக மாற்றினர். குளிர்காலத்திலும் பனிச்சறுக்க அங்கு மக்கள் கூடுகின்றனர். 1891 முதல் அதே இடத்தில் நடந்துவரும் கீழைச் சந்தையில், இன்றும் காரிக்கிழமைதோறும் கூட்டம் அலைமோதுகின்றது. நிறுத்திடம் எளிதாய்க் கிடைப்பதாலா? இல்லை, வாங்கவும் காணவும் பழகவும் ஆங்கே ஏதோ இருப்பதால்! 2017 இறுதியில் அட்சன் அங்காடி இருந்த வெறுந்தரையில் புதிய கோபுரம் எழத் தொடங்கிற்று. 2024இல் செனரல் மோட்டார்சு என்னும் பெருநிறுவனம், மதிலுக்குப்பின் நின்ற மறுமலர்ச்சி நடுவத்தை விட்டு, அப்புதிய கட்டடத்திற்குத் தலைமையகத்தை மாற்றுவதாக அறிவித்தது. மகிழுந்து செய்வோரே தெருவைத் தேடித் திரும்பினர்!

பிற பழந்தொழில் நகரங்களும் விழித்துக்கொண்டன. கட்டடம் கட்டுவோர் இத்தனை வண்டிக்கு இடம் விட்டே தீரவேண்டும் என்ற விதியைப் பப்பலோ நகரம் 2017இல் நீக்கிற்று. உரோச்செசுட்டர் நகரம், தன் நடுப்பகுதியைச் சுற்றி வெட்டிய பள்ளச்சாலையின் கிழக்குப் பகுதியை 2014 முதல் 2017 வரை மண்ணிட்டு நிரப்பி, அதன்மேல் வீடுகளும் தெருவும் அமைய வழிசெய்தது. ஏசுடிங்சு தெருவை விழுங்கிய பள்ளத்தையும் நிரப்ப 2022இல் நடுவணரசு 104.6 மில்லியன் தாலர் ஒதுக்கியது. ஆனால் செலவு ஏறியதால் 2025இல் அப்பணி நிறுத்திவைக்கப்பட்டது. தோண்ட எளிது; தூர்க்க அரிது. தூர்த்தாலும், அங்கு வாழ்ந்து விரட்டப்பட்டவர்களின் கடையும் பாட்டும் மீளுமா? புதிய தெருவில் அவர்தம் பெயரருக்கு இடமுண்டா, அன்றிப் பொருள்படைத்தார்க்கு மட்டுமேயா? இவ் வினாவுக்கு விடை தராத எந்தத் திட்டமும் பழைய தவற்றின் புதிய உருவே.

பேராசிரியர் தானல்டு சூப் 2005இல் வெளியிட்ட பெருநூலில் ஓர் உண்மையை நிலைநாட்டினார். விலையின்றி வண்டி நிறுத்தும் இடம் உண்மையில் விலையற்றதன்று. அதன் விலையை வாடகையிலும் பண்டத்தின் விலையிலும் ஏற்றி எல்லாரிடமும் வாங்குகின்றனர் என்பது அது. வண்டியே இல்லாதவனும் அடுத்தவன் வண்டி நிற்கப் பணம் கட்டுகின்றான்! மகிழுந்தின் தலைநகரம் எனப்பட்ட தெத்திராயிட்டிலேயே வண்டி இல்லாத குடும்பங்கள் பல பதினாயிரம். அவர்களுக்குத் தெருவே கூடம், தெருவே சந்தை, தெருவே மன்றம். தெரு பறிபோனால் செல்வன் வேறிடம் போவான். ஏழை எங்கே போவான்?

எனவே ஊரைத் திருத்த வருவோர் வரைபடத்தை விரிக்கும்போது, "இங்கே எத்தனை வண்டி நிற்கும்?" என்று தொடங்கினால், மக்கள் எழுந்து நின்று மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். இங்கே இப்பொழுது வாழ்வோர் யார்? இதனை இடிக்க முடிவு செய்தோர் யார்? இடித்தபின் இங்கு நடந்துவர எவர்க்கேனும் கரணியம் எஞ்சுமா? இம்மூன்றுக்கும் நேர்மையான விடை வரும்வரை ஒரு செங்கல்லும் பெயர்க்கப்படலாகாது.

வண்டி மாந்தனுக்காக, மாந்தன் வண்டிக்காக அல்லன். தெரு வாழ்ந்தால் ஊர் வாழும். ஊர் வாழ்ந்தால் மக்கள் வாழ்வர்!