மென்பொருளுக்கு வாயிற்காவல்

கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே கொழுந்து நிறுக்கும் மடுவத்தை அறியாதார் சிலரே. அங்கே நிறுவை மட்டுமா நடைபெறுகிறது? கூடையில் முற்றிய இலை கலந்திருந்தால் அதுவும் அங்கேயே கண்டறியப்படுகிறது. ஆலைக்குட் சென்று அரைபட்டபின் நல்லதையும் தீயதையும் பிரித்தல் ஆகுமோ? இவ்வுண்மை பலர் கூடி எழுதும் மென்பொருளுக்கும் பொருந்தும்.

2004 டிசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை இலங்கைக் கரையைத் தாக்கியபின், காணாமற்போனோரையும் நலன்புரி முகாம்களையும் பதிவுசெய்வதற்கென இந்நாட்டுத் தன்னார்வலர் 'சகானா' என்னும் மென்பொருளை ஆக்கினர். இத்தகைய பணியிலே, கவனமின்றி எழுதிய ஒரு வரி ஒரு பெயரை மறைத்துவிடுமாயின், அப்பெயரைத் தேடும் தாய்க்கு யார் விடை கூறுவது?

பேராதனைப் பல்கலைக்கழகத்திலே கணினிப் பொறியியல் பயிலும் நால்வர் ஒரு மென்பொருளை எழுதுகின்றனர் என்று கொள்க. ஒருவர் கட்டுகஸ்தோட்டையில், மற்றொருவர் கம்பளையில். யார், எப்போது, எதை மாற்றினார் என்பதைக் குறித்துக் காக்கும் பேரேடு 'கிற்' என்பது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரிலில் அதனை ஆக்கினார்.

பேரேட்டில் பதியும் தருணத்திலே தானாக இயங்குமாறு மாட்டி வைக்கும் சிறு நிரலே 'கொக்கி'. கிற்றின் மறைவான கோப்புறைக்குள் 'ஹூக்ஸ்' என்னும் உட்கோப்புறை உண்டு. அங்குள்ள மாதிரிகளின் பெயரிலிருந்து 'சாம்பிள்' என்னும் ஒட்டை நீக்கி, வேண்டிய சோதனையை எழுதி, இயங்கும் அனுமதி அளித்தல் வேண்டும். சோதனை பூச்சியத்துடன் முடிந்தால் பதிவு நிகழும். வேறெந்த எண்ணாயினும் பதிவு நின்றுவிடும்.

எவற்றைச் சோதிப்பது? இலக்கணப் பிழை, தமிழ் எழுத்துக்கள் ஒருங்குறியில் உள்ளனவா என்பது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கடவுச்சொல். ஒருமுறை பதிந்த கடவுச்சொல்லை மறுநாள் அழித்தாலும், பழைய ஏடுகளில் அது நிலைத்திருக்கும்.

ஆயினும் இருகுறைகள் உள. பேரேட்டைப் படியெடுப்பவருக்குக் கொக்கிகள் உடன் செல்வதில்லை. ஆதலால் அவற்றைப் பொதுக் கோப்புறையில் வைத்து, 2016 முதல் வழங்கும் 'ஹூக்ஸ்பாத்' என்னும் அமைப்பால் அவ்விடத்தை ஒவ்வொருவரும் தத்தம் கணினிக்கு ஒருமுறை காட்டிவிடல் வேண்டும். மேலும், 'நோ-வெரிஃபை' என்னும் ஒரு சொல்லாற் காவலைத் தாண்டவும் இயலும். சோதனை நெடுநேரம் பிடித்தால், பொறுமையிழந்தோர் அவ்வழியையே நாடுவர். எனவே பதியுமிடத்திலே விரைவில் முடியும் சோதனையும், பொதுச் சேவையகத்திலே முழுச் சோதனையும் அமைதல் நன்று. சேவையகத்தின் 'பிரீ-ரிசீவ்' கொக்கியை எழுதுவோர் தம் விருப்பப்படி விலக்க முடியாது.

காவல் என்பது பிறர்மீது கொண்ட ஐயமன்று. களைத்த இரவிலே எவர்க்கும் நேரும் மறதிக்கு முன்கூட்டியே செய்யும் உதவி. கூட்டுப்பணியில் இறங்கும் இளைஞர் முதல் வரியை எழுதுமுன்னரே முதற் கொக்கியை மாட்டுவாராக.