சட்டியும் அகப்பையும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவை ஒட்டி மாத்தளையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த மேடையிலே நான் முன்னரும் பேசியிருக்கிறேன். கிணற்றுத் தண்ணீர், பாம்புக்கடி, சீனி வருத்தம் என்று பேசியபோதெல்லாம் யாரும் ஆட்சேபிக்கவில்லை. இம்முறை விஷயத்தைச் சொன்னதும் செயலாளர் தம்பி என்னைத் தனியே அழைத்து, "ஐயா, பெண்களும் பெரியவர்களும் வருவார்கள், வேறு ஏதாவது பேசக் கூடாதா?" என்று கேட்டார். அவர்கள் வருவதனால்தான் இதைப் பேச வேண்டும் என்றேன். ஆண்களிடத்திலே உள்ள பிள்ளைப்பேற்றுக் குறை, அதுதான் விஷயம். நான் டாக்டர் அல்லன். தோட்ட மருந்தகத்திலே முப்பது வருஷம் மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவன். அந்த அளவிலே என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

"சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கந்த சஷ்டி விரதம் இருந்தால், அகத்தே உள்ள பையாகிய கருப்பையிலே பிள்ளை தங்கும் என்று அதற்குப் பொருள். சமையலறைப் பழமொழியாக எடுத்தால், சட்டியிலே இருந்தால்தான் அகப்பையிலே வரும். இரண்டும் நல்ல பொருள்தான். ஆனால் அந்த ஆறு நாளும் பட்டினி கிடப்பவர் யார்? பெண். கோயில் மரத்திலே தொட்டில் கட்டுபவர் யார்? பெண். கிளினிக் வாசலிலே துண்டோடு காத்திருப்பவரும் பெண்தான். சட்டியிலே என்ன இருக்கிறது என்று மாத்திரம் ஒருவரும் மூடியைத் திறந்து பார்ப்பதில்லை.

என் மூத்த அக்காளின் கதையைச் சொல்லுகிறேன். அவர் இப்போது உயிரோடு இல்லை. 1974இலே இந்த மாவட்டத்திலேயே ஒரு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். ஏழு வருஷம் பிள்ளை இல்லை. அவர் இருக்காத விரதமில்லை, குடிக்காத கஷாயமில்லை. லயத்திலே ஒரு வீட்டில் வளைகாப்பு என்றால் அவரை அழைக்க மாட்டார்கள். அழைத்தாலும் பின்வரிசையிலே உட்காரச் சொல்வார்கள். கடைசியிலே நாலு பெரியவர்கள் கூடிப் பேசி, அக்காளைத் தாய்வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அத்தானுக்கு வேறொரு பெண்ணைக் கட்டி வைத்தார்கள். ஐந்து வருஷம் கழிந்தது. அந்தப் பெண்ணுக்கும் பிள்ளை இல்லை. இனியாவது ஊர் யோசிக்கும் என்று பார்த்தால், அவளையும் மலடி என்றது. ஒரே வீட்டிலே இரண்டு மலடிகள்! மலடி என்ற சொல் நம் லயத்திலும் தெருவிலும் அன்றாடம் கேட்கிறது. மலடன் என்ற சொல் அகராதியிலே தூங்குகிறது.

நான் அப்போது மருந்தகத்திலே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். ஆணுக்கும் ஒரு பரிசோதனை உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் அத்தானிடம் போய் அதை எப்படிக் கேட்பது? பெரியவர்கள் கூடியிருந்த அந்த வாசலிலே நானும் ஓர் ஓரமாக நின்றேன். வாயைத் திறக்கவில்லை. குறை அத்தானிடம்தான் இருந்தது என்று இன்றும் நான் சாதிக்கவில்லை. யாரும் பார்க்கவேயில்லை என்பதுதான் என் வழக்கு.

இராமாயணம் தெரிந்த சபை இது. தசரதச் சக்கரவர்த்திக்கு மனைவியர் மூவர், பட்டத்துக்குப் பிள்ளையில்லை. அவன் கோசலையையோ கைகேயியையோ மலடி என்று தள்ளி வைக்கவில்லை. நாலாவது பெண் தேடவில்லை. தானே தீக்ஷை பெற்று யாகத்திலே அமர்ந்தான். சாந்தை என்றொரு மகள் முன்னமே இருந்தாளே என்று பெரியவர்கள் சிலர் என்னைத் திருத்த நினைப்பது தெரிகிறது. இருக்கட்டும். ஒரு பிள்ளையைப் பெற்ற பின்பும் ஆணுக்குக் குறை வரலாம் என்பதற்கு அதையே உதாரணமாக வைத்துக்கொள்ளலாம்.

கணக்குக்கு வருவோம். ஒரு வருஷ காலம் கருத்தடை எதுவுமின்றி இல்லறம் நடத்தும் தம்பதிகளிலே, நூற்றுக்கு ஏறக்குறைய 85 பேருக்குக் கரு உண்டாகிவிடும். ஆகவே 12 மாதம் பொறுத்துப் பார்த்து, பிறகு வைத்தியரிடம் போவது முறை. மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். உலகத்திலே ஆறு பேருக்கு ஒருவர் வாழ்நாளிலே எப்போதாவது இந்தக் கஷ்டத்தை அனுபவிக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இலே கூறியது. இப்படிப்பட்ட தம்பதிகளிலே ஏறக்குறையப் பாதிப் பேரிடத்தில் ஆணின் பங்கும் உண்டு. தனியாகவோ, மனைவியின் குறையோடு சேர்ந்தோ. பாதிக் காரணத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டு மீதிப் பாதிக்கு வருஷக்கணக்காக மருந்து கொடுப்பது வைத்தியமாகுமா?

"எனக்கு ஒரு குறையும் இல்லை, நான் நல்ல பலசாலி" என்று சொல்லும் தம்பிமார் இருக்கிறார்கள். இங்கேதான் பெரிய மயக்கம் இருக்கிறது. ஆண்மை வேறு, விந்திலே உயிரணு இருப்பது வேறு. ஆசையும் எழுச்சியும் குறைவில்லாமல் இருக்கும் மனிதனுடைய விந்திலே ஓர் உயிரணுவும் இல்லாமல் இருக்கலாம். வெளியிலே பார்த்தால் தெரியாது, அவனுக்கும் தெரியாது. பெரும்பாலோரிடம் உள்ள ஒரே அடையாளம், பிள்ளை உண்டாகாமல் இருப்பதுதான்.

சிலரிடத்தில் வேறு அடையாளங்களும் உண்டு. விதைப்பையிலே, பெரும்பாலும் இடப்பக்கம், இரத்தக் குழாய்கள் முறுக்கிப் புடைத்து, தொட்டால் புழுக்களை ஒரு பையில் கட்டினாற்போல இருக்கும். நூறு ஆண்களில் 15 பேருக்கு இது இருக்கலாம். எல்லோருக்கும் தீங்கு செய்வதில்லை. ஆனால் பிள்ளையில்லாமல் வைத்தியரிடம் வரும் ஆண்களிடையே இது இன்னும் அதிகம். சத்திரசிகிச்சையால் பலருக்குப் பலன் கிடைக்கிறது. விதைகள் மிகச் சிறிதாக இருப்பது, மீசை தாடி சரியாக வளராதது, மார்பு பெண்களைப் போலப் பருப்பது, விந்து மிகக் குறைவாக வெளிவருவது அல்லது வராமலே போவது, எழுச்சி தங்காதது, இவை இருந்தால் ஒரு வருஷம் காத்திருக்கத் தேவையில்லை. நீண்ட காலம் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு விந்து முன்னே வராமல் சிறுநீர்ப்பைக்குள்ளே திரும்பிப் போவதும் உண்டு. விதையிலே வலியில்லாத கட்டி ஒன்று தட்டுப்பட்டால், பிள்ளைக் கதையை ஒருபுறம் வைத்துவிட்டு அந்த வாரமே வைத்தியரிடம் போங்கள். அது புற்றாகவும் இருக்கலாம். வேளைக்குப் பார்த்தால் பெரும்பாலும் குணமாகும் புற்று அது.

இனித் தாய்மார்களிடம் ஒரு வார்த்தை. ஆண் குழந்தையைக் குளிப்பாட்டும்போது இரண்டு விதைகளும் பைக்குள்ளே இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஆறு மாதமாகியும் இறங்கவில்லையென்றால் வைத்தியரிடம் காட்டுங்கள். ஒன்று, ஒன்றரை வயதுக்குள்ளே சத்திரசிகிச்சை செய்து இறக்கி வைப்பது நல்லது. "வளர வளரச் சரியாகும்" என்று விட்டுவிட்ட பிள்ளைகள்தாம் முப்பது வயதிலே மனைவியோடு கிளினிக் வாசலிலே நிற்கிறார்கள். பையன் ஒருவன் திடீரென்று விதையிலே கடும் வலி என்று சுருண்டு விழுந்தால், வெட்கப்பட்டுச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிராதீர்கள். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள்ளே சத்திரசிகிச்சை வேண்டும். தாமதித்தால் அது செத்துப்போகும். கூகைக்கட்டு, தோட்டப்புறத்திலே பொன்னுக்கு வீங்கி என்போமே, அது பருவமடைந்த பிறகு வந்தால் சிலருக்கு விதையும் வீங்கும். பெரும்பாலும் ஒரு பக்கந்தான் பாதிக்கும். ஆனாலும் அந்த வரலாற்றை வைத்தியரிடம் மறைக்கக் கூடாது. 2011இலே அதற்கான தடுப்பூசி நமது நாட்டுத் தேசியத் திட்டத்திலே சேர்ந்தது, பிள்ளைகளுக்கு நல்ல காலம்.

தொழிலையும் மறைக்கக் கூடாது. 1977இலே அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லாத்ரொப் என்ற ஊரிலே, மண்ணிலுள்ள புழுக்களைக் கொல்லும் மருந்து தயாரிக்கும் தொழிற்சாலையொன்றின் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளே பேசிக்கொண்டார்கள். உனக்குப் பிள்ளை இல்லை, எனக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை, இது என்ன? அந்தப் பேச்சிலிருந்துதான் பரிசோதனை பிறந்தது. பலருடைய விந்திலே உயிரணு மிகக் குறைந்தோ, அடியோடு இல்லாமலோ இருந்தது. டி.பி.சி.பி. என்பது அந்த இரசாயனத்தின் பெயர். கொஸ்தாரிக்கா போன்ற நாடுகளிலே வாழைத் தோட்டத் தொழிலாளர்களையும் அது கெடுத்தது. நம் தோட்டங்களிலும் கலேவலை, தம்புள்ளைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களிலும் அடிக்கிற மருந்து அதேதான் என்று நான் சொல்லவில்லை. வீண் பீதி வேண்டாம். ஆனால் முதுகிலே டாங்கியைச் சுமந்து மருந்தடிக்கும் தம்பி கையுறை போடட்டும், காற்றுக்கு எதிரே நின்று அடிக்காமல் இருக்கட்டும், வீட்டுக்கு வந்ததும் உடுப்பை மாற்றிக் குளிக்கட்டும், வைத்தியரிடம் தன் தொழிலைச் சொல்லட்டும். அந்தத் தொழிற்சாலை மனிதர்களிடம் எனக்குப் பிடித்தது வேறொன்று: ஆண்கள் இதை ஒருவரோடொருவர் வாய்விட்டுப் பேசினார்கள்.

உடற்பயிற்சி நிலையத்துக்குப் போகும் தம்பிமார்களுக்கு: புஜம் பருக்க ஊசி போடுகிறார்களே, அந்த ஆண் ஹோர்மோன் வெளியிலிருந்து வரும்போது, உள்ளே விதை தன் வேலையை நிறுத்திவிடுகிறது. புஜம் பெருக்கும், உயிரணு வற்றும். நிறுத்தினால் பெரும்பாலோருக்கு மீளும், ஆனால் பல மாதங்கள் பிடிக்கும். பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துத் தபாலில் லேகியம் வரவழைப்பவர்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. டப்பாவிலே என்ன இருக்கிறது என்று அனுப்பினவனுக்கே தெரியாது. புகையையும் சாராயத்தையும் விடுவதற்கு லேகியம் வேண்டியதில்லை.

பரிசோதனை எப்படி என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயமெல்லாம் அதிலேதான். ஊசி இல்லை, வலி இல்லை. இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேற்படாமலும் உறவைத் தவிர்த்திருந்து, அவர்கள் கொடுக்கும் சுத்தமான போத்தலிலே விந்தை முழுவதும் சேர்க்க வேண்டும். முதல் துளி சிந்தினால் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். வீட்டிலே எடுத்தால், உடற்சூட்டிலே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எல்கடுவையிலிருந்தோ இரத்தோட்டை மலையிலிருந்தோ பஸ்ஸை நம்பி வருபவர்களுக்கு அது நடக்காது; ஆய்வுகூடத்திலேயே தனியறை கேளுங்கள், கேட்பதிலே வெட்கமில்லை. ஒல்லாந்து தேசத்திலே டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லீவன்ஹுக் 1677இலேயே பூதக்கண்ணாடியின் கீழே உயிரணுவைப் பார்த்துவிட்டார். நாம் இன்னும் போத்தலைக் கண்டு ஓடுகிறோம்.

முடிவிலே சில எண்கள் வரும். ஒரு மில்லிலீற்றரில் ஒரு கோடியே 60 இலட்சம் உயிரணு என்பது 2021இன் உலக சுகாதார நிறுவனக் கைந்நூலிலே உள்ள கீழ் எல்லை. இது பரீட்சையில் சித்தி, தவறு என்ற கோடு அன்று. அதற்குக் கீழே இருந்தும் தகப்பனானவர்கள் உண்டு, மேலே இருந்தும் ஆகாதவர்கள் உண்டு. குறைவாக வந்தால் மனமுடையாமல் மறுபடியும் ஒருமுறை பாருங்கள். கடும் காய்ச்சல் வந்து போனாலும் இரண்டு மூன்று மாதம் குறைந்திருக்கும். உயிரணு உருவாகி முடிய அத்தனை காலம் ஆகும்.

உயிரணுவே இல்லை என்று வந்தாலும் கதை முடிந்துவிடாது. வழி அடைபட்டதா, உற்பத்தியே இல்லையா என்று பார்ப்பார்கள். அடைப்பு என்றால் விதையிலிருந்தே ஊசியால் உயிரணுவை எடுக்கலாம். ஒரே ஓர் உயிரணுவை ஊசி முனையாலே முட்டைக்குள் செலுத்திக் கருவாக்கும் முறையைப் பெல்ஜியத்து பிரஸ்ஸல்ஸ் நகர வைத்தியர்கள் 1992இலே வெளியிட்டார்கள். அது செலவுள்ள காரியம், எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை. ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒன்றும் பலிக்காதவர்களுக்குத் தத்தெடுத்தல் உண்டு, பிள்ளையில்லாமலே சந்தோஷமாக வாழ்வதும் உண்டு. என் அக்காள் பின்னாளிலே என் பிள்ளைகள் மூவரையும் வளர்த்தார். அவர்களுக்கு யார் தாய் என்று பள்ளிக்கூடத்திலே குழப்பமே வந்தது.

எங்கே போவது? புதிதாகக் கல்யாணமானவர்களைத் தேடி மிட்வைப் அம்மா வீட்டுக்கு வருவார். அவர் முன்வாசலிலே நுழையும்போது புருஷன் பின்வாசலாலே கொல்லைப்புறம் போய்விடுவது நமது வழக்கம். போகாதீர்கள், உட்கார்ந்து பேசுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும், மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவிலும் விஷயத்தைச் சொன்னால் உரிய நிபுணரிடம் துண்டு எழுதி அனுப்புவார்கள். 1953இலே தொடங்கிய இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட மாத்திரம் என்று நினைக்கிறார்கள்; பிள்ளையில்லாதவர்களுக்கும் அங்கே ஆலோசனை உண்டு. எங்கே போனாலும் முதல் நாளே இருவரும் சேர்ந்து போங்கள். மனைவியின் பரிசோதனைகள் பல, சில வலியுள்ளவை. உங்களுடையது ஒரு போத்தல்.

மண்டப வாசலிலே ஒரு தகரப் பெட்டி வைத்திருக்கிறோம். கேட்க விரும்புவதைச் சீட்டிலே எழுதி, பெயர் போடாமல் அதற்குள் போடுங்கள். எனக்குத் தெரிந்ததற்கு அடுத்த வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பின் பதில் சொல்லுகிறேன். தெரியாததை டாக்டரிடம் கேட்டு வந்து சொல்லுகிறேன். கையெழுத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். முப்பது வருஷம் டாக்டர்மாரின் கையெழுத்தை வாசித்தவன் நான்.