சுடாத கால் அருளா, வியாதியா?

 

பங்குனி வெய்யிலில் நார்த்தாமலைக்கு வெறுங்காலோடு நடந்துவிட்டு, “கால் சுடவேயில்லை, அம்மன் அருள்” என்று சிலர் பெருமை பேசுகிறார்கள். நீரிழிவுக்காரருக்குக் கால் சுடாதது அருளா, வியாதியா என்று நாம் கேட்கின்றோம்.

சர்க்கரை பல வருஷம் மிகுந்திருந்தால் கால் நரம்பின் உணர்ச்சி கெடும். இரத்த ஓட்டமும் குறையும். முள் தைத்தாலும் தெரியாது. புண் எளிதில் ஆறாது. அழுகினால் காலையே எடுக்க நேரும். வலியில்லாத புண்தான் பொல்லாத புண்!

ஆகவே, தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். விரலிடுக்கில் ஈரமின்றித் துடையுங்கள். வெந்நீர் ஒத்தடமும், ஆணியைப் பிளேடால் அறுப்பதும் வேண்டாம். மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பணியுங்கள். புண் கண்டால் அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

செருப்பைக் கழற்றச் சொல்லுவது ஜாதியானாலும் சரி, சாமியானாலும் சரி, போன காலைத் திருப்பித் தருமா? யோசித்துப் பாருங்கள்!