காலையில் அணையும் வண்டி



இன்று நாம் ஒரு பழைய பிக்கப் வண்டியைப் பற்றிப் பேசப் போகிறோம். அது காலையில் ஸ்டார்ட் ஆகும். அரை நிமிடம் ஓடும். பிறகு அணைந்துவிடும். ஏன் அப்படி? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இதுதான் இன்றைய பேச்சு.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மூணாறு இருக்கிறது. மூணாற்றுக்கு அப்பால் மலைமேல் இருப்பது வட்டவடை. அங்கே தமிழ் பேசும் மக்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். கேரட், முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு, பீன்ஸ், பூண்டு எல்லாம் அங்கே விளைகின்றன. விளைந்த காய் பிக்கப் வண்டியில்தான் மலை இறங்க வேண்டும்.

சனவரி மாதத்தில் அந்தப் பக்கம் கடுங்குளிர். சில நாட்களில் மூணாற்றில் வெப்பம் 0 டிகிரிக்குக் கீழேயும் போவதுண்டு. புல்லின் மேல் உப்பைத் தூவியது போல உறைபனி படிந்திருக்கும். அந்தக் குளிரில்தான் வண்டி தகராறு செய்யும்.

அவருக்கு வந்த சோதனை

அந்த மலையில் ஓர் ஓட்டுநர். சொந்தமாக ஒரு பழைய டீசல் பிக்கப் வைத்திருந்தார். வயது பதினைந்தைத் தாண்டிய வண்டி. அக்கம்பக்கத்துக் காட்டில் விளையும் காயை எல்லாம் அவர்தான் ஏற்றிப் போவார். காய் விற்றால்தான் அவர்களுக்குக் காசு. வண்டி ஓடினால்தான் இவருக்குக் காசு.

ஒரு சனவரியில் வண்டி மக்கர் செய்யத் தொடங்கியது. செல்ஃப் எடுக்கும். எஞ்சின் ஓடும். அரை நிமிடத்தில் இருமும். அணைந்துவிடும். மறுபடி செல்ஃப். மறுபடி அணையும். நான்கு முறை செய்தால் பேட்டரியும் இறங்கிவிடும். ஆனால் வெயில் ஏறிய பிறகு வண்டி நன்றாக ஓடும். ஒரு குறையும் இருக்காது.

ஒரு நாள் அவர் பொறுமை இழந்தார். சுமையோடு வண்டியைச் சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்தார். வண்டி ஓடியது. வளைவுக்கு முன்னால் எஞ்சின் அணைந்துவிட்டது. பிரேக்கை மிதித்தார். அது கட்டை போல இருந்தது. வண்டி மண் திட்டில் மோதி நின்றது. நல்ல வேளை, யாருக்கும் அடி இல்லை. மூட்டைகள் சரிந்து கோசு எல்லாம் பாதையில் உருண்டது.

எஞ்சின் ஓடும்போதுதான் பிரேக்குக்கு அதன் துணை கிடைக்கும். எஞ்சின் அணைந்தால் ஓரிரு மிதிக்குப் பிறகு அந்தத் துணை இருக்காது. பவர் ஸ்டியரிங் வண்டியில் ஸ்டியரிங்கும் கனக்கும். மலைப் பாதையில் சுமை வண்டியை உருட்டி ஸ்டார்ட் செய்வது உயிரோடு விளையாடுவது.

டவுனில் ஒரு பட்டறையில் கேட்டார். "பம்ப் போய்விட்டது. கழற்றிச் சரி செய்ய வேண்டும். பல ஆயிரம் ஆகும்" என்றார்கள். மனைவியின் தோட்டை அடகு வைப்பதா என்ற பேச்சு வீட்டில் எழுந்தது.

மனைவி சொன்னார்: "தோட்டைத் தரமாட்டேன்னு சொல்லலைங்க. பம்ப்தான்னு அவங்க எதை வச்சுச் சொன்னாங்க? வண்டியைத் திறந்துகூடப் பார்க்கலையே. நம்ம பெரிய மெக்கானிக் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

குளிர் என்ன செய்கிறது?

மெக்கானிக் சொன்னதைக் கேட்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்வோம்.

பெட்ரோல் வண்டியில் தீப்பொறி உண்டு. டீசல் வண்டியில் தீப்பொறி கிடையாது. எஞ்சின் காற்றை உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்றை ஏறக்குறைய 20 மடங்கு நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்ப் சுடும் அல்லவா? அதே போலத்தான். நெருக்கப்பட்ட காற்று மிகவும் சூடாகிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும்.

குளிர் நாளில் எஞ்சினின் இரும்பு சில்லென்று இருக்கும். அது காற்றின் சூட்டை உறிஞ்சிவிடும். ஆயில் கெட்டியாக இருக்கும். பேட்டரியின் வலுவும் குறையும். அதனால் செல்ஃப் மெதுவாகச் சுற்றும். சூடு போதாது. இதற்காகவே பல வண்டிகளில் ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் ஒரு சின்ன விளக்கு எரியும். அது அணையும் வரை பொறுத்து, பிறகு செல்ஃப் எடுக்க வேண்டும்.

முதலில் கேள்வி, பிறகு ஸ்பேனர்

பெரிய மெக்கானிக் வண்டியைத் தொடவில்லை. கேள்விதான் கேட்டார்.

"தம்பி, வண்டி ஸ்டார்ட்டே ஆகலையா? இல்லை, ஸ்டார்ட் ஆகி அணையுதா?"

"ஸ்டார்ட் ஆகி அணையுது அண்ணே."

"அது வேற நோய், இது வேற நோய். சுவிட்சை அமர்த்தின மாதிரி பட்டுன்னு அணையுதா? இருமி இருமி அணையுதா?"

"இருமித்தான் அணையுது."

"அணையறப்போ சைலன்சர்ல புகை எப்படி வருது?"

ஓட்டுநர் விழித்தார். அவர் பார்க்கவே இல்லை.

அந்தக் கேள்விகளுக்குப் பொருள் உண்டு. பட்டென்று அணைந்தால் மின்சாரக் கோளாறாக இருக்கலாம். டீசலைத் திறந்து மூடும் வால்வுக்குப் போகும் ஒயர் தளர்ந்திருக்கலாம். இருமி அணைந்தால் டீசல் சரியாக வரவில்லை என்று பொருள்.

புகையும் பேசும். செல்ஃப் சுற்றும்போது புகையே இல்லையா? டீசல் எஞ்சினுக்குள் வரவில்லை. டீசல் வாடையோடு வெள்ளைப் புகையா? டீசல் வருகிறது, எரியவில்லை. அப்போது ஹீட்டர் பிளக்கைப் பார்க்க வேண்டும். கறுப்புப் புகையா? காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைகிறதா? தண்ணீர் எஞ்சினுக்குள் போகிறது. வண்டியை ஓட்டாமல் உடனே காட்ட வேண்டும்.

மெக்கானிக் சொன்னார்: "ஒரு வாரம் நோட்டில் எழுதுங்க. எத்தனை மணிக்கு ஸ்டார்ட் பண்ணினீங்க, எவ்வளவு நேரம் ஓடுச்சு, புகை என்ன நிறம், ராத்திரி வண்டி எந்தப் பக்கம் பார்த்து நின்னுச்சு. எல்லாத்தையும் எழுதுங்க."

ஒரு வாரக் குறிப்பு

ஓட்டுநர் செல்ஃப் எடுப்பார். மனைவி பின்னால் நின்று புகையைப் பார்த்து எழுதுவார். ஏழு நாளும் எழுதினார்கள். ஏழு நாளும் ஒரே குளிர்தான். ஆனால் ஐந்து நாள் வண்டி அணைந்தது. இரண்டு நாள் அணையவில்லை.

மனைவி நோட்டைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு சொன்னார்: "இங்க பாருங்க. வீட்டு வாசல்ல மேட்டைப் பார்த்து நிறுத்தின அஞ்சு நாளும் அணைஞ்சிருக்கு. கோயில் பக்கம் பள்ளத்தைப் பார்த்து நிறுத்தின ரெண்டு நாளும் அணையவே இல்லை."

இதைக் கேட்டதும் மெக்கானிக் சிரித்தார். "பாதி வேலை முடிஞ்சது தங்கச்சி" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார்? பிக்கப்பில் டீசல் டேங்க் பின்பக்கம் இருக்கும். எஞ்சின் முன்பக்கம். வண்டி பள்ளத்தைப் பார்த்து நின்றால் டேங்க் மேலே இருக்கும். டீசல் எஞ்சின் பக்கமே நிற்கும். வண்டி மேட்டைப் பார்த்து நின்றால் எஞ்சின் மேலே இருக்கும். குழாயில் எங்காவது ஓட்டை இருந்தால் காற்று உள்ளே புகும். குழாயில் உள்ள டீசல் இரவெல்லாம் மெல்ல டேங்குக்கே திரும்பிவிடும்.

காலையில் பம்பிலும் ஃபில்டரிலும் மிச்சம் இருக்கும் டீசலில் எஞ்சின் அரை நிமிடம் ஓடும். பிறகு காற்று வந்து சேரும். எஞ்சின் இருமி அணையும். பம்ப் கெட்டிருந்தால் வண்டி நிற்கும் பக்கத்தைப் பார்த்தா தகராறு செய்யும்?

குழாயில் குமிழி

"டீசல் ஒரு சொட்டும் கீழே ஒழுகலையே அண்ணே?" என்று ஓட்டுநர் கேட்டார்.

மெக்கானிக் சொன்னார்: "இளநீரைக் குழல் வச்சு உறிஞ்சுறோம். குழல்ல ஒரு ஓட்டை இருந்தா இளநீர் வெளியே ஒழுகுமா? ஒழுகாது. காத்துதான் வாய்க்கு வரும். உன் வண்டியில டேங்க்ல இருந்து டீசலை உறிஞ்சுறது பம்ப். அதனால ஓட்டை கண்ணுக்குத் தெரியாது."

அன்று இரவு வண்டியைப் பட்டறையிலேயே மேட்டைப் பார்த்து நிறுத்தினார்கள். குளிர்ந்த வண்டியில்தான் குளிர்க் கோளாறு தெரியும். காலையில் மெக்கானிக் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் குழாயை மாட்டினார். செல்ஃப் எடுத்ததும் குழாயில் குமிழி குமிழியாகக் காற்று ஓடியது. எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள்.

அடுத்து, ஃபில்டருக்குள் டீசல் நுழையும் இடத்தில் இருந்த பழைய ரப்பர் ஓஸைக் கழற்றினார். அங்கே அந்தப் பிளாஸ்டிக் குழாயை மாட்டினார். கைப்பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்றினார். இப்போது குமிழி இல்லை. எஞ்சின் அணையாமல் ஓடியது. அப்படியானால் குற்றவாளி யார்? கழற்றிய அந்த ஓஸ்தான்.

ஓஸை வளைத்துப் பார்த்தார்கள். கிளிப் அழுத்தும் இடத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. குளிரில் ரப்பர் இறுகிச் சுருங்கும். வெடிப்பு வாய் திறக்கும். எஞ்சின் சூடானால் ரப்பர் இளகும். வெடிப்பு மூடிக்கொள்ளும். அதனால்தான் வெயில் ஏறியதும் வண்டி நல்ல பிள்ளையாக ஓடியது.

டீசலுக்கென்றே செய்த புது ஓஸ், இரண்டு கிளிப், சில செம்பு வாஷர். சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. தோடு காதிலேயே இருந்தது.

வேறு காரணங்களும் உண்டு

எல்லா வண்டிக்கும் ஓஸ்தான் காரணம் என்று நினைக்க வேண்டாம். செலவு இல்லாத சோதனையை முதலில் செய்யுங்கள்.

பேட்டரி முனையில் வெள்ளைப் பூ பூத்திருந்தால் முனையைக் கழற்றி வெந்நீரில் கழுவித் துடைத்து இறுக்குங்கள்.

டீசலைவிடத் தண்ணீர் கனமானது. அது ஃபில்டரின் அடியில் தங்கும். அடியில் இருக்கும் திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். நல்ல டீசல் வந்ததும் மூடுங்கள். மாலையிலேயே டேங்கை நிரப்பி வைத்தால் இரவில் உள்ளே ஈரம் படிவது குறையும்.

ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் ஓடுகிறது, விட்டால் மட்டும் அணைகிறதா? எஞ்சினின் மெது ஓட்டத்தைக் குறைத்து வைத்திருக்கலாம். அதைச் சரி செய்தால் போதும்.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் நான்கு ஹீட்டர் பிளக் உண்டு. ஒன்றிரண்டு கருகினாலும் எஞ்சின் நடுங்கும். மீட்டர் வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆயில் டப்பாவில் 15டபிள்யூ40, 20டபிள்யூ40 என்று எழுதியிருக்கும். முதல் எண் சிறியதாக இருந்தால் அந்த ஆயில் குளிரில் எளிதாக ஓடும். உங்கள் வண்டிப் புத்தகம் சொல்லும் ஆயிலையே ஊற்றுங்கள்.

லடாக் போன்ற இடங்களில் குளிர் இன்னும் கொடியது. அங்கே சாதாரண டீசலே மெழுகு போல உறையும். அதற்காக 2019-இல் அங்கே குளிர்கால டீசல் விற்பனைக்கு வந்தது. மூணாறுக் குளிருக்கு அது தேவைப்படுவதில்லை.

செய்யக் கூடாதவை

டேங்குக்கோ எஞ்சினுக்கோ அடியில் தீ மூட்டிச் சூடு காட்டாதீர்கள்.

மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். அந்தப் புகையில் மணமில்லாத நஞ்சு இருக்கிறது. அது ஆளைக் கொல்லும்.

ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்காதீர்கள். வெடித்து எஞ்சின் உடையும்.

செல்ஃபைத் தொடர்ந்து பத்து, பதினைந்து நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள். சற்று ஓய்வு கொடுத்து மறுபடி எடுங்கள்.

எஞ்சின் ஓடும்போது பம்பிலிருந்து போகும் இரும்புக் குழாய்களைத் தளர்த்தாதீர்கள். அதில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

நண்பர்களே, அந்த ஓட்டுநர் இன்றும் வண்டியில் அந்த நோட்டை வைத்திருக்கிறார். ஆயில் மாற்றிய நாள், ஃபில்டர் மாற்றிய நாள், புது ஓஸ் போட்ட நாள் எல்லாம் அதில் இருக்கின்றன. சில பக்கம் அவர் எழுத்து. சில பக்கம் மனைவியின் எழுத்து.

உங்கள் வண்டியும் தினமும் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருக்கும். புகையைப் பாருங்கள். சத்தத்தைக் கேளுங்கள். பார்த்ததை எழுதி வையுங்கள். பட்டறையில் யாராவது "பம்ப் போய்விட்டது" என்று சொன்னால், "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் அந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார்.